இரண்டு தடவை ஏலம் போனவள்

மேசை லேசாக ஆடியது. ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லு கொடுத்திருந்தார்கள், அது நகர்ந்துவிட்டது. எனக்கு இடது பக்கம் கால் கட்டிய சேவல். வலது பக்கம் பெரிய பூசணிக்காய். நடுவில் நான், வேதியியல் பட்டம் வாங்கியவள், பச்சைப் பட்டுப்புடவை கட்டி நின்றுகொண்டிருந்தேன்.

பூசணி ஏற்கெனவே விலை போய்விட்டது. எடுத்தவர் இன்னும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சேவல் எனக்கு அடுத்து.

கோயில்பிள்ளை மைக்கை ஊதிப் பார்த்தார். எங்கள் ஊரில் கோயில்பிள்ளை என்றால் மணியடிக்கிறவர், பூசையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர், திருவிழா அன்று காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுகிறவர். "அடுத்ததா..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். ஆடு, கோழி, வாழைத்தார் எல்லாவற்றுக்கும் வர்ணனை வைத்திருக்கிற மனிதருக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை.

"அடுத்ததா, நம்ம ஆரோக்கியம் மக," என்றார். கொஞ்சம் யோசித்து, "பெரிய பிள்ள," என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் கன்னியாஸ்திரி ஆன கதையை இந்த மேசையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மடத்தில் சேர எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

மீன் பற்றிய கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில் வந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: சிஸ்டர்கள் மீன் சாப்பிடுவீர்களா? சாப்பிடுவோம். கிடைத்தால் ஆட்டுக்கறியும் சாப்பிடுவோம். கிடைப்பது பெரும்பாலும் புடலங்காய்.

இன்னொருவர், காதல் தோல்வியா என்று கேட்டிருக்கிறார். தோற்பதற்கும் ஒருத்தன் வேண்டுமல்லவா? மாமா மகன் ஒருவன் இருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவனைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இனி ஏலத்துக்கு வருவோம். அந்த மேசையில் நான் ஏறியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஏறும்போது எனக்குக் கழுத்துகூட நிற்கவில்லை.

ராவுத்தர் கேட்டது

நான் பிறந்து சில மாதங்கள் வரை பால் தங்கவில்லையாம். குடித்ததெல்லாம் வெளியே வந்திருக்கிறது. கம்பத்திலும் தேனியிலும் டாக்டர்களைப் பார்த்து ஓய்ந்த பிறகு அம்மா எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, "பிழைச்சா இவ ஒனக்கு," என்று சுரூபத்தின் காலடியில் போட்டுவிட்டாள். பிழைத்துவிட்டேன்.

'ஒனக்கு' என்றால் நிஜமாகவே கொடுத்துவிடுவது இல்லை. அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நேர்ந்த பிள்ளையைத் திருவிழா அன்று காணிக்கைப் பொருள்களோடு மேசையில் வைத்து ஏலம் விடுவார்கள். தாய்மாமன் ஏலம் கேட்பார். முறைக்காக ஒரு தொகை சொல்வார். அவருக்கு எதிராக வேறு யாரும் கேட்கக் கூடாது. அவர் எடுத்து, பிள்ளையைத் தாய் மடியில் திருப்பிக் கொடுப்பார். தொகை கோயிலுக்கு. பிள்ளை வீட்டுக்கு. அந்தோணியாருக்கும் நமக்கும் பேச்சு முடிந்தது.

பெற்றவர்கள் கேட்கக் கூடாது. கொடுத்ததை நாமே எடுத்தால் என்ன மரியாதை?

அன்றைக்கு சேசுராசு மாமா வரவில்லை. அவருக்குக் குமுளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் மேஸ்திரி வேலை. மலையிறங்கும் ஜீப் எங்கேயோ பஞ்சராகிவிட்டது. கோயில்பிள்ளை முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறார். என் அழகை வர்ணித்தார். குடும்பத்தை வர்ணித்தார். ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. மாமன் கேட்க வேண்டிய பிள்ளையை மற்றவன் எப்படிக் கேட்பான்? மேசையில் நான் வீறிட்டு அழுதிருக்கிறேன்.

கூட்டத்தில் கம்பத்து ராவுத்தர் நின்றிருந்தார். எங்கள் திராட்சையை மொத்தமாக வாங்குகிற வியாபாரி. வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து மெழுகுவர்த்தி கொடுத்துவிட்டு, முதல் வாழைத்தாரை ஏலத்தில் எடுப்பது அவர் வழக்கம். பிள்ளை ஏலம் எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் அவருக்கு இந்த மாமன் முறை தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு பச்சைப்பிள்ளை மேசையில் கிடந்து கதறுகிறது, இத்தனை சனத்தில் ஒருத்தரும் வேண்டுமென்று சொல்லவில்லை.

"நான் கேக்குறேன்ப்பா," என்று கையைத் தூக்கிவிட்டார்.

கோயில்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டவர் இருக்கும்போது மூன்று தரம் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னார். மூணுதரம் என்று மணி அடித்த நேரத்தில் மாமாவின் ஜீப் கோயில் வாசலில் வந்து நின்றது.

ராவுத்தர் ஒரு தோளில் வாழைத்தாரும் ஒரு கையில் நானுமாக வந்து, என்னை அம்மா மடியில் போட்டுவிட்டுத் தாரை மட்டும் கொண்டுபோனார். அதிலிருந்து பெருநாள் தவறாமல் எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வந்தது. "நான் எடுத்த பிள்ள எப்படியிருக்கு?" என்று கேட்காமல் அவர் திராட்சைக்கு விலை பேச ஆரம்பித்ததில்லை. மாமா அவரோடு பேசியதே இல்லை.

எனக்கு வந்த அழைப்பு

மடத்தில் சேர நினைக்கிற பெண்களுக்கு 'வந்து பாருங்கள்' என்று ஒரு முகாம் நடத்துவார்கள். அங்கே வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவருக்கும் அழைப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கனவில் மாதா வந்திருந்தார். இன்னொருத்திக்கு நற்கருணையில் ஒளி தெரிந்திருந்தது. என் முறை வந்தது. "மாத்திரை கொடுக்கப் போனேன்," என்றேன்.

நடந்தது அதுதான். எங்கள் ஊர்க் கடைசியில் சிஸ்டர்கள் வீடு ஒன்று இருந்தது. அதில் ஒரு சிஸ்டர் மொபெட்டில் ஊர் ஊராகப் போய் டி.பி. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பார். கொடுத்துவிட்டு வந்தால் போதாது. எதிரில் உட்கார்ந்து, அவர்கள் விழுங்குவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கல்லூரி விடுமுறையில் எனக்குப் பொழுது போகாமல் அவர் பின்னால் தொற்றிக்கொண்டு போவேன்.

மலையடிவாரத்தில் பேச்சியம்மா என்று ஒருத்தி. காட்டு வேலைக்குப் போகிறவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சிஸ்டர் கையால் கொடுத்தால்தான் விழுங்குவாள். மகன் கொடுத்தால் துப்பிவிடுவாள். ஒருநாள் சிஸ்டருக்குக் காய்ச்சல். நான் மட்டும் அவர் மொபெட்டில் மாத்திரையோடு போனேன். துப்பத்தான் போகிறாள் என்று தயாராக, கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னைக்கு நீயா? சரி, குடு," என்று வாயைத் திறந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரீட்சையில் பாஸான சந்தோஷம் தெரியும், புதுத்துணிச் சந்தோஷம் தெரியும். இது அந்த ரகம் இல்லை. காலம் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. வெயில் ஏறியதும் எழுந்து வந்துவிட்டேன்.

முகாமில் இதைச் சொன்னதும் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடத்துத் தலைவியான மதர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரையை அந்தம்மா முழுங்குச்சா?" என்று கேட்டார். முழுங்கினாள் என்றேன். அந்த மதரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஆனால் மதருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "அம்மா, அப்பா ரெண்டு பேரும் வந்து, உன் கையப் பிடிச்சு எங்க கையில குடுத்துட்டுப் போகணும். வீட்டுல சண்டை போட்டுட்டு வர்ற பிள்ளைங்கள நாங்க எடுக்கிறதில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலன்னாலும் நீ வர வேண்டாம்."

அம்மாவின் சட்டம்

வீட்டில் சொன்னேன். அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "யாத்தே! கேட்டுட்டாரே!" என்றாள்.

"யாரும்மா?"

"அந்தோணியாருதான். வேற யாரு? நான் அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், ராவுத்தரு எடுத்தது செல்லாதுன்னு. மாமன் எடுக்கல. அப்ப நீ இன்னும் அவரு பிள்ளதான? இத்தன வருசம் பொறுத்துப் பாத்தாரு, இப்ப கூப்புடுறாரு."

"அவர் கேட்டா குடுக்க வேண்டியதுதானம்மா?"

"மொறையாக் கேட்டா குடுக்கலாம்டி. நம்ம பக்கம் தப்பு இருந்து கேட்டா எப்படிக் குடுக்குறது?"

என் அழைப்பு மொத்தமும் ஜீப் பஞ்சரானதால் வந்த கோளாறு என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மருந்தும் அவளே சொன்னாள். வருகிற திருவிழாவில் என்னை மறுபடி மேசையில் ஏற்ற வேண்டும். மாமா முறைப்படி எடுக்க வேண்டும்.

"அதுக்குப் பெறகும் ஒனக்கு இந்த நெனப்பு இருந்துச்சுன்னா நான் குறுக்க வரல. நானே கொண்டாந்து விடுறேன். மாதா மேல சத்தியம்."

அம்மா சத்தியம் செய்தால் மீற மாட்டாள். அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்கத் திராட்சைப் பந்தலுக்குப் போனேன். கொடிக்குத் தெளிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்துகொண்டிருந்தார். எப்போதும் அந்த நீலம் அவர் நகக்கண்ணில் இருக்கும்.

"நீங்க என்னப்பா சொல்றீக?"

"என்னத்தச் சொல்ல."

"சரிங்கிறீகளா, வேணாங்கிறீகளா?"

"மருந்து அடிக்கணும். தள்ளி நில்லு ஆத்தா."

தள்ளி நின்றேன். ஒரு கொடி விடாமல் நிதானமாக அடித்து முடித்தார். மோட்டார் ரூமைப் பூட்டினார். வீட்டுக்கு நடந்தார். வேண்டாம் என்று கத்தியிருந்தால் எனக்கும் கத்தத் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மதருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஏலமா?" என்றார். ஆமாம் மதர் என்றேன். "உன்னையா?" ஆமாம் மதர். "சரி, ஜெபிக்கிறேன்," என்று வைத்துவிட்டார்.

பங்குச் சாமியார், வயது வந்த பெண்ணை மேசையில் ஏற்றுவது நன்றாக இல்லை என்றார். அப்படித் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று அம்மா கேட்டாள். அவருக்குத் தெரிந்து இல்லை. "அப்படின்னா நான் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் இருந்துக்கிறேன்," என்று நழுவிக்கொண்டார்.

மேசையிலிருந்து தெரிந்தது

இப்படித்தான் சேவலுக்கும் பூசணிக்கும் நடுவே நான் வந்து சேர்ந்தேன்.

மேசைமேல் நிற்பதில் ஒரு வசதி உண்டு. எல்லாம் தெரியும். கோயில் வாசலில் மாமாவின் ஜீப் நின்றது. இந்தத் தடவை விடிவதற்கு முன்பே மலையிறங்கி வந்திருந்தார். ஜீப்பின் பின்சீட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அதில் அரக்குப் புடவை, தேங்காய், வெற்றிலைபாக்கு, பந்தாகச் சுற்றிய மல்லிகைப்பூ. மேலே போட்டிருந்த துண்டு காற்றில் விலகியிருந்தது.

பரிசத் தட்டு. மாமா என்னை ஏலம் எடுத்த கையோடு ஊர் முன்னால் தன் மகனுக்கு நிச்சயமும் பண்ணப்போகிறார். சனம் கூடியிருக்கிறது, சாமியார் இருக்கிறார், சாப்பாடுகூடத் தயார். இனி ஒரு மண்டபம் பிடிக்க வேண்டுமா என்ன?

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜீப்பைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. சத்தியத்தை அவள் மீறவில்லை. பூவும் புடவையும் வாங்கி நிச்சயமான பெண்ணை எந்த மடத்தில் சேர்ப்பார்கள்? மீற வேண்டிய அவசியமே வராது.

"கேக்குறவுக கேக்கலாம்," என்றார் கோயில்பிள்ளை.

மாமா முன்னால் வந்து, துண்டைத் தோளில் சரிசெய்து, முறைக்கு ஒரு தொகை சொன்னார்.

"அதுக்கு மேல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராவுத்தர். நரைத்த தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக வாழைத்தார்மேல் கை வைத்து நின்றிருந்தார்.

மாமா திரும்பினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை: "எந்தா இது?" மாமாவுக்குக் கோபம் வந்தால் மலையாளம் வரும். "இது எங்க மொற. நீங்க எதுக்கு இதுல வாறீக?"

"மொற எனக்கு இப்பத் தெரியும்ங்க. ஆனா நான் ஒருக்கா எடுத்துத் திருப்பிக் குடுத்த பிள்ள. மறுபடி மேசைக்கு வருதுன்னா என் ஏலம் செல்லலேன்னு ஆகுது. யாவாரிக்கு ரோசம் இருக்காதா?"

மாமா தொகையைக் கூட்டினார். ராவுத்தர் கூட்டினார். மாமா மறுபடி கூட்டினார். எந்தச் சரக்கையும் சல்லிசாகப் போக விட்டுப் பழக்கமில்லாத மனிதர் ராவுத்தர். மாமாவுக்கோ மானப் பிரச்சினை. நான் வெயிலில் நின்றுகொண்டு தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தேன். சேவல் விலையைத் தாண்டி, ஆட்டு விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

கடைசியாக மாமா கேட்டதும் கோயில்பிள்ளை அவசரமாக, "ஒருதரம்..." என்றார். "ரெண்டுதரம்..." ராவுத்தர் வாயைத் திறந்தார். அவர் எடுத்தாலும் என்ன ஆகும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இதுவும் செல்லாது என்று அம்மா அடுத்த வருஷமும் என்னை ஏற்றுவாள்.

"நான் கேக்குறேன்," என்றேன்.

யாருக்கும் காதில் விழவில்லை. குனிந்து கோயில்பிள்ளை கையிலிருந்த மைக்கை இழுத்து அதில் சொன்னேன். "என்னைய நானே கேக்குறேன்."

ஒலிபெருக்கி அதை ஊர்க் கடைசி வரை கொண்டுபோனது.

"அதெப்படி? பொருளே ஏலம் கேக்குமா?" என்றார் மாமா.

கோயில்பிள்ளை ராவுத்தரைப் பார்த்தார். ஏலச் சந்தேகம் என்றால் ராவுத்தரைக் கேட்பதுதான் வழக்கம். "பெத்தவுக கேக்கக் கூடாது. அதான உங்க மொற?" என்றார் ராவுத்தர். "பிள்ள கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. இதுவரைக்கும் ஏலத்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் பேச்சு வரல, அதனால கேக்கல."

"என்னத்த வச்சுக் கேக்குறா? கையில என்ன இருக்கு?"

காதைத் தொட்டுக் காட்டினேன். "தோடு."

"ஏலே! அது நான் போட்ட தோடு!" மாமா அலறிவிட்டார். உண்மைதான். நான் பெரியவளானபோது அவர் சீராகப் போட்டது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் கழற்றியதில்லை.

"போட்டீகல்ல? போட்டதுக்கப்புறம் அந்தப் பிள்ளையோடது," என்றார் ராவுத்தர். "ரெண்டு தோடுன்னா நான் வெலகிக்கிறேன்ப்பா." மாமா துண்டை உதறிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். அவர் போட்ட தோட்டின் மதிப்பு அவருக்குத் தெரியும். குறைச்சல் என்று அவராலேயே எப்படிச் சொல்ல முடியும்?

குனி

வலது தோடு உடனே வந்துவிட்டது. காணிக்கைத் தட்டில் போட்டேன்.

இடது தோடு வரவில்லை. திருகாணி இறுகிப் போயிருந்தது. திருகினேன். வழுக்கியது. முந்தானையால் பிடித்துத் திருகினேன். காது மடல் சிவந்ததுதான் மிச்சம். எண்ணெய் போடு என்று ஒருத்தி. சோப்பு போடு என்று ஒருத்தி. தோடு வராட்டி ஏலம் செல்லாது என்று மாமா. ஊரே என் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேவல் ஒரு தடவை கூவியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு திருகாணியில் தோற்றுப்போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தலிலிருந்து அப்பா வந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தவர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி வந்தார். மேசைக்கு அருகில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"குனி," என்றார்.

குனிந்தேன். இடது கையால் காது மடலைப் பிடித்துக்கொண்டார். நகக்கண்ணில் நீலம். திராட்சைக் கொடியைக் கம்பியில் கட்டி அவிழ்க்கிற விரல்கள். அவசரப்படவில்லை.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"வலிக்கும்."

திருகாணி கழன்றது. என்னவோ காய் பறித்துப் போடுவது போலத் தோட்டைத் தட்டில் போட்டார். கோயில்பிள்ளை பக்கம் திரும்பி, "மூணுதரம் சொல்லுங்க. சோறு ஆறுது," என்றார்.

மணி அடித்தது. என்னை நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா வந்து என் இரண்டு காதையும் தடவிப் பார்த்து, "மூளிக் காதோட நிக்கிறாளே என் பிள்ள," என்று ஓவென்று அழுதாள். ஆனால் இந்த ஏலம் செல்லாது என்று சொல்லவில்லை. நானும் அழுதேன். மாமா கோபித்துக்கொண்டு பந்தலில் தனியாக உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சேவலை ராவுத்தர் எடுத்தார்.

டப்பா

பெரியகுளம் பக்கம் இருந்த மடத்துக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனதும் மாமாவின் ஜீப்தான். வேறு வண்டி கிடைக்கவில்லை என்று அப்பா சொன்னார். தேடினாரா என்று தெரியாது. மதர் வாசலில் நின்றிருந்தார். அம்மா என் வலது கையையும் அப்பா இடது கையையும் பிடித்துக் கொடுத்தார்கள். சேர்கிறவர்கள் நகையைக் கழற்றி வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே முறை. மதர் என் காதைப் பார்த்தார். "ஏலமா?" என்றார். ஆமாம் மதர்.

முதல் வருஷத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மணி அடித்தால் எழுந்தோம். மணி அடித்தால் ஜெபித்தோம். மணி அடித்தால் பேச்சை நிறுத்தினோம், பெரும்பாலும் சுவாரஸ்யமான இடத்தில். எனக்கு மாட்டுத் தொழுவம் கொடுத்தார்கள். அழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் சாணி அள்ளும்போதுதான். பேச்சியம்மாவின் திறந்த வாயை நினைத்துக்கொள்வேன். அப்புறம் அள்ளுவேன்.

அந்த வருஷம் முடிந்து முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் முகம் சரியில்லை. கோயிலில் தோட்டை விற்கப் போனபோது ஒன்றில் திருகாணி இல்லையாம். மேசைக்கு அடியிலெல்லாம் கூட்டிப் பார்த்தாயிற்றாம். "முழுசாப் போய்ச் சேரலையேடி," என்று புலம்பினாள். "ஏலம் அரையுங்கொறையுமா நிக்குதே. இதுக்கு அவரு என்ன செய்வாரோ?"

நான் தோட்டத்துக்குப் போனேன். மின்சாரம் ஏறி இறங்கி மோட்டாரில் ஃபியூஸ் போயிருந்தது. அப்பா மோட்டார் ரூமில் ஃபியூஸ் கம்பி போட்டு வைக்கிற தகர டப்பாவைத் திறந்தார். கம்பிச் சுருளுக்கு நடுவே, ஒரு மருந்துச் சீட்டுக் காகிதத்தில் வைத்து, என் திருகாணி இருந்தது.

"அப்பா..."

"ம்."

"அம்மா அங்கன தேடிக்கிட்டு இருக்கு. ஒரு துளி கொறஞ்சாலும் ஏலம் முடிஞ்சதா ஆகாதுன்னு சொல்லுது."

"தெரியும்." கம்பியைப் பல்லால் கடித்து அளவாக வெட்டினார். ஃபியூஸைச் சுற்றிப் பொருத்தினார். "ஏலம் முழுசா முடிஞ்சாத்தான ஆத்தா நீ முழுசா மடத்துக்கு. கொஞ்சம் இங்கன கெடக்கட்டும்."

டப்பாவை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்தது.